முதலில் ஓடிய வீடு

எண்ணூர்,
19 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பெனிட்டோ எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, கம்பளி போர்த்திக்கொள்கிறாயா, இல்லை அதையும் யாருக்காவது கொடுத்துவிட்டாயா? உங்கள் கார்மேல் மடத்தில் போன் இல்லாததால் எண்ணூர் தபால் நிலையத்தில் எனக்குத் தனி மரியாதை. தபால்தலை கேட்டு வரும் ஒரே ஆள் நான்தானாம்.

இந்தப் பங்குக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. போன ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, ஃபாதர்கள் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்வதில்லை என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. இயேசு மணம் செய்யாமல் வாழ்ந்ததைச் சொன்னேன். உடனே இன்னொருத்தி, இயேசுவின் சீடர் பேதுருவுக்கு மாமியார் இருந்தாரே, காய்ச்சலில் படுத்திருந்தாரே என்று மடக்கினாள். உண்மைதான் என்று ஒத்துக்கொண்டேன். முதல் ஆயிரம் வருடம் மனைவி மக்களோடு இருந்த குருக்கள் பலர் உண்டு, கீழைத் திருச்சபைகளில் இன்றைக்கும் உண்டு, கோயில் சொத்து பிள்ளைகளுக்குப் போய்விடுமோ என்ற பயமும் ஒரு காரணம், இது திருச்சபை வைத்த ஒழுங்கு என்றெல்லாம் சொன்னேன். பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்தது. கடைசியில், ஊரில் ஆபத்து என்றால் உங்கள் அப்பா எங்கே ஓடுவார் என்று கேட்டேன். வூட்டுக்கு என்றார்கள். எனக்கென்று ஒரு வீடு இல்லை, அதனால் எல்லார் வீட்டுக்கும் ஓடுவேன் என்றேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சரும் தட்டினார்.

இங்கே இன்னாசி தாத்தா என்று ஒருவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கோயிலுக்கு இரண்டு சந்து தள்ளி, மீன் குளிர்சாலையின் மதிலை ஒட்டி வீடு. மகள் சலேத் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறாள். திறந்து போட்டால் நாய் நுழைகிறது என்று வெளியே பூட்டிக்கொண்டுதான் போகிறாள். மாற்றுச் சாவி என்னிடம், இப்படிப் படுத்துக் கிடக்கும் இன்னும் சிலர் வீட்டுச் சாவிகளோடு. மத்தியானம் போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வருவேன்.

அந்தக் குளிர்சாலையிலிருந்து சில நாள் மூக்கை எரிக்கும் வாடை வருகிறது. அமோனியாவாம். போய்க் கேட்டால் வால்வு மாற்றுகிறோம் என்கிறார்கள்.

உன் செபத்தில் எங்கள் எல்லாரையும் வைத்துக்கொள்.
தம்பி பெனிட்டோ


கார்மேல் மடம்,
9 நவம்பர் 2025

தம்பிக்கு,

முழங்கால் மண்டியிட மறுக்கிறது. மண்டியிட்டால் எழுந்திருக்க மறுக்கிறது. மற்றபடி சுகம். கம்பளி என்னிடம்தான் இருக்கிறது, சந்தேகப்படாதே.

எனக்கென்று ஒரு வீடு இல்லை என்றாயே. பிள்ளைகளிடம் சொல்ல நல்ல பதில். உனக்கு நீயே சொல்லிக்கொள்ளாதே. இருபத்திரண்டு வருடமாக இந்தச் சுவருக்குள் இருக்கிறேன். சுவர் கட்டினால் மனசு வெளியே போகாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

உன் கடிதத்தில் தாத்தாவுக்குப் பெயர் இருக்கிறது, அவர் மகளுக்குப் பெயர் இருக்கிறது. பின்வரிசை டீச்சருக்கு மட்டும் இல்லை. சும்மா சொன்னேன்.

வாடை விஷயத்தை எழுத்தில் புகார் கொடு. வாய்ப்பேச்சோடு விடாதே.

முப்பதாம் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் முடியும்வரை இங்கே கடிதம் எழுதுவதும் இல்லை, வந்ததைப் பிரிப்பதும் இல்லை. அதுவரை என் மௌனத்தைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா அடைக்கலமேரி


எண்ணூர்,
13 டிசம்பர் 2025

அக்கா,

நீ இதைக் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் படிப்பாய். தெரிந்தும் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கண் மட்டும் இன்னும் எரிகிறது.

புதன்கிழமை மாலை நான்கு மணி இருக்கும். கோயில் வாசலில் நின்றிருந்தேன். குளிர்சாலைப் பக்கம் லாரி டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக ஒரு புகை மதிலைத் தாண்டி விழுந்து, தரையோடு தரையாகத் தெருவுக்குள் வந்தது. கண்ணில் மிளகாய் அரைத்துத் தேய்த்த மாதிரி. மூச்சை இழுத்தால் தொண்டை பூட்டிக்கொண்டது. பெண்கள் முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திருவொற்றியூர் பக்கம் ஓடினார்கள். நான் பங்கு வேனை எடுத்தேன். மொத்தம் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எல்லாரும் பிழைத்துவிட்டார்கள்.

இன்னாசி தாத்தா மட்டும் இல்லை. நான் போவதற்குள் முடிந்துவிட்டது.

நேற்று அடக்கம். டிவிக்காரர்கள் வந்து என்னைப் படம் எடுத்தார்கள். சலேத் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்கூட்டர் சைலன்சர் வெடித்தாலும் வாசலுக்கு ஓடி வந்து பார்க்கிறேன். பூசையில் கிண்ணத்தைத் தூக்கும்போது கை நடுங்குவதை எல்லாரும் பார்க்கிறார்கள். பாவம், எவ்வளவு புகையைக் குடித்தாரோ என்கிறார்கள்.

எனக்காக வேண்டிக்கொள். எதற்கென்று கேட்காதே.
பெனிட்டோ


கார்மேல் மடம்,
29 டிசம்பர் 2025

என் தம்பிக்கு,

ஆண்டவர் உன்னை எனக்கு மிச்சம் வைத்தார். கடிதத்தைப் பிரித்து நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை. டாக்டரிடம் நுரையீரலைக் காட்டினாயா? கண்ணுக்கு மருந்து விடுகிறாயா? இங்கே எல்லாச் சகோதரிகளும் தாத்தாவுக்காக ஒரு நாள் முழுக்கச் செபித்தார்கள்.

எதற்கென்று கேட்காதே என்று எழுதியிருக்கிறாய். கேட்காமல் என்னால் முடியவில்லை. கோயிலுக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. சாவி உன்னிடம். நீ வாசலிலேயே நின்றிருந்தாய், கையில் வண்டி இருந்தது. பிறகு எப்படி நீ போவதற்குள் முடிந்தது?

எழுத மனமில்லையென்றால் விடு. ஆனால் நான் கேட்டேன் என்பதை மறக்காதே.

அக்கா


எண்ணூர்,
18 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நுரையீரல் சரியாக இருக்கிறதாம். கண்ணுக்கு மருந்து விடுகிறேன். உன் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் சொல்கிறார்கள், வாங்கி அனுப்புகிறேன்.

குளிர்சாலைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். வாடை இல்லை. ஆனாலும் காலையில் ஜன்னலைத் திறக்குமுன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். திருவிழாவில் எனக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தப் பங்குப் பேரவை முடிவு செய்திருக்கிறது. வேண்டாம் என்றால் தன்னடக்கம் என்கிறார்கள்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் முபாஷிரைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. அன்றைக்கு அந்தப் புகைக்குள் மூன்று முறை போய், நடக்க முடியாதவர்களை ஏற்றி வந்தவர். அவரை யாரும் படம் எடுக்கவில்லை. அவருக்கு மனைவி சாபிரா, மூன்று பிள்ளைகள், வீடு புகை நுழைந்த அதே தெரு. உங்கள் வீட்டுக்குப் போகாமல் எப்படி என்று கேட்டேன். "என் வூட்ல கீறவங்களுக்குக் காலு கீது ஃபாதர், ஓடிப்பூடுவாங்க. காலு இல்லாதவங்கள யாரு பாக்குறது?" என்றார். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அவர் ஆட்டோ எதிரே வந்தால் இப்போது வேறு சந்தில் நுழைகிறேன்.

டீச்சர் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுப் பெரம்பூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை.

உன் கேள்விக்குப் பதில் பிறகு எழுதுகிறேன்.
பெனிட்டோ


கார்மேல் மடம்,
1 பிப்ரவரி 2026

தம்பி,

தைலம் வந்தது. தேய்த்தேன். எரிகிறது, வலி குறையவில்லை. அனுப்பியதற்குச் சந்தோஷம்.

பதினெட்டாம் தேதி தவக்காலம் தொடங்கினால் ஈஸ்டர்வரை மறுபடி என் வாய் அடைபடும். அதற்குள் எழுது. கடிதங்களை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, நான் ஒருத்திதான் படிப்பேன். சின்ன வயதில் பொய் சொன்னால் நீ சாப்பிடமாட்டாய், அம்மா அதை வைத்தே கண்டுபிடிப்பாள். இப்போது சாப்பிடுகிறாயா?

அக்கா


எண்ணூர்,
15 பிப்ரவரி 2026

அக்கா,

சரியாகச் சாப்பிடவில்லை. மற்றபடி உடம்பு தாங்குகிறது. உன் உடம்பைப் பற்றி விசாரிக்கக்கூட இன்று மனசு நிற்கவில்லை, மன்னித்துவிடு.

கோயில் வாசலில் வேனைக் கிளப்பினேன். வலப்பக்கம் திருப்பினால் தாத்தா வீடு, இரண்டு நிமிடம். நான் இடப்பக்கம் திருப்பினேன். யோசித்துத் திருப்பவில்லை. கை தானாகத் திருப்பியது. எர்ணாவூரில் மெர்லின் வீட்டு வாசலில் போய்த்தான் நிறுத்தினேன். டீச்சரின் பெயர் மெர்லின். கணவர் லாரி விபத்தில் இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஆறு வயதில் ஒரு மகள், அவளுக்கு வீசிங் உண்டு. புகையில் அந்தப் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும் என்பது மட்டும்தான் என் தலையில் இருந்தது. பிறகு எத்தனையோ நாள் அதையே எனக்குக் காரணமாகச் சொல்லிப் பார்த்தேன்.

எர்ணாவூருக்கு வாடையே வந்திருக்கவில்லை. மெர்லின் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துப் பதறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஏறும்போது, "இன்னாசி தாத்தாவ ஏத்தலியா ஃபாதர்?" என்று கேட்டார். "அவர முன்னயே அனுப்பிட்டேன்" என்றேன்.

அவர்களைத் திருவொற்றியூரில் விட்டுவிட்டு, ஓடிவரும் கூட்டத்துக்கு எதிராக வண்டியை ஓட்டிக்கொண்டு நான் திரும்ப இருபத்தைந்து நிமிடம். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினேன். பாதிக்கு மேல் திறக்கவில்லை. தாத்தா கட்டிலிலிருந்து விழுந்து, ஒரு கையாலேயே உடம்பை இழுத்துக்கொண்டு கதவு வரைக்கும் வந்திருந்தார். நான் வருவேன் என்று வந்திருக்கிறார். அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சலேத்திடம் சொன்னேன்.

ஒன்பது பேரை ஏற்றியதெல்லாம் அதற்குப் பிறகுதான். வீரம் இல்லை அக்கா. அந்தக் கதவிடமிருந்து ஓடிக்கொண்டிருந்தேன்.

முபாஷிர் கேட்டது இதுதான்: "உங்க வண்டி வேகமா போச்சே, தாத்தா அதுக்குள்ள கீறாருன்னு நெனச்சிக்கினேன். இல்லாங்காட்டி நானே பூட்ட ஒட்ச்சிருப்பேன். அப்போ வண்டில யாரு ஃபாதர்?" அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. புரியாமல் கேட்டார். அதுதான் என்னைக் கொல்கிறது.

மெர்லினைத் தொட்டதில்லை. தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மணம் செய்வதில்லை என்று கொடுத்த வாக்குறுதியைக் காப்பாற்றுகிறேன் என்றே இருந்தேன். பெண்டாட்டி பிள்ளை உள்ள முபாஷிர் ஊரைப் பார்த்தார். ஒருவரும் இல்லாத நான் ஒரே வீட்டுக்கு ஓடினேன். அப்படியென்றால் எதற்காக இந்த ஒழுங்கு? யாருக்காக நான் தனியாக இருக்கிறேன்? பயமாக இருக்கிறது அக்கா. சலேத்துக்குத் தெரிந்துவிடும் என்று பயம். தெரியாமலே போய்விடும் என்று அதைவிடப் பயம்.

பெனிட்டோ


கார்மேல் மடம்,
9 ஏப்ரல் 2026

என் தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். சாப்பிடு. தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதம் தவக்காலத்துக்கு முந்தின நாள் என் கைக்கு வந்தது. அன்றைக்கே எழுதியிருக்கலாம், நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் மடத்துத் தாயாரிடம் கேட்டிருந்தால் விதிவிலக்கு கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. ஏழு வாரம் உன்னை அந்த நிலையில் விட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது, வெளியே வர எனக்கு அனுமதி இல்லை என்று உனக்கு எழுதினேன். அது பொய். அனுமதி கொடுத்தார்கள். துணைக்கு ஒரு சகோதரியையும் டிக்கெட்டையும் ஏற்பாடு செய்தார்கள். நான்தான் வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டால், அந்த வீட்டில் அப்பா தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால், திரும்பி உள்ளே வரமாட்டேன் என்று பயந்தேன். விதிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். காசிமேடு கல்லறையில் பிள்ளை என்று நீ ஒருவன்தான் மண் போட்டாய். இந்த முறையும் அதேதான் செய்தேன். உனக்கு எழுதினால் இதையும் எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்து, தவக்காலத்துக்குப் பின்னால் ஒளிந்தேன்.

ஒழுங்கு எதற்கு என்று கேட்டாய். பெரிய பெரிய பதில்கள் புத்தகங்களில் இருக்கின்றன, நீயே படித்திருக்கிறாய். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நேசிக்காமல் இருப்பதற்காக இதைக் கொடுக்கவில்லை. மனசுக்குள் உனக்கும் ஒரு வீடு இருந்தது. அதை அந்தப் பெண்ணிடமும் நீ சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் குருவாக இருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்திருப்பாய். இல்லை, அந்தச் சாவியையாவது வேறு யாரிடமாவது கொடுத்திருப்பாய்.

வேறொரு குருவிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்திருப்பாய். நல்லது. ஆனால் செத்தது சலேத்தின் அப்பா. அவளிடம் போ. மேலிடத்துக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அக்கா


எண்ணூர்,
10 மே 2026

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா விஷயத்தில் எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் உன் கடிதத்தைத் தொடவில்லை. பிறகு போய்விட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

சலேத்திடம் போனேன். நான்கு முறை அந்தச் சந்து வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். ஐந்தாம் முறை அவளே பார்த்துவிட்டாள். பொழுது சாயும் நேரம், வியாபாரம் முடிந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நின்றுகொண்டே சொன்னேன். இடப்பக்கம் திருப்பியது, எர்ணாவூர், கேட்ட கேள்விக்குச் சொன்ன பொய், இருபத்தைந்து நிமிடம். பெயரைச் சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்தது.

கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள்.

"அங்க வாட வந்திச்சா?"

இல்லை என்றேன்.

"நைனா தூக்கத்துலதான போனாரு?"

அக்கா, அந்த ஒரு பொய்யை அவளுக்கு விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அது அவளுக்கு ஆறுதல் என்று நினைத்தேன். பிறகு அது எனக்கு ஆறுதல் என்று தெரிந்தது. கதவு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார் என்று சொன்னேன்.

அவள் கத்தவில்லை. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் தண்ணீர் லாரி வந்து, எல்லாரும் குடம் பிடித்து, லாரியும் போய்விட்டது. பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"எதுர் வூட்டுல குடுத்திருப்பேன் சாவிய. அவங்களுக்குப் புள்ள குட்டி கீது, ஒரு அவசரம்னா அதுங்களத்தான் பாப்பாங்கன்னு நெனச்சேன். உனுக்குத்தான் யாரும் இல்லியே. அதான் உன் கைல குடுத்தேன்."

நான் இந்த ஊரைவிட்டுப் போய்விடுகிறேன், மாற்றல் கேட்கிறேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"மாத்திக்கினு ஓடிராத. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் பூசைக்கு வருவேன். என் மூஞ்சிய நீ பாக்கணும். அந்தப் பொம்பள பேர நான் எங்கியும் எடுக்கமாட்டேன், அதுக்கு இன்னா தெரியும் பாவம்."

அடுத்த நாள் மேலிடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குருத்துவத்தைவிட்டு விலகுவதானால் தடுக்கமாட்டோம், இருப்பதானால் வேறு ஊருக்கு மாற்றுகிறோம் என்றார்கள். விலகவில்லை, இங்கேயே விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ரொம்ப யோசித்துச் சரி என்றார்கள். விலகினாலும் மெர்லின் என் முகத்தில் விழிக்கமாட்டார் என்பதல்ல காரணம். அவரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. முதல்முறையாக வீடு என்று ஒன்று எனக்கு இருந்ததை ஒத்துக்கொண்டு, அது இல்லாமல் இருக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

பாராட்டுக் கூட்டம் நடக்கவில்லை. முபாஷிரிடம் அவர் கேட்டதற்குப் பதில் சொன்னேன். பீடியை மிதித்து அணைத்துவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான்கு நாள் கழித்து வந்து, படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டு மாற்றுச் சாவிகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார். இப்போது எந்தச் சாவியும் ஒருவரிடம் மட்டும் இல்லை. இரண்டு இரண்டு வீட்டில் இருக்கிறது. சாபிரா பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்.

சலேத் சொன்ன மாதிரியே வருகிறாள். நற்கருணை அப்பம் வாங்க இரண்டு வரிசை. அவள் என் வரிசைக்கு வருவதில்லை. பக்கத்து வரிசையில் நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே நகர்கிறாள். ஒரு ஞாயிறுகூட அவள் வராமல் இருந்ததில்லை.

பெனிட்டோ


கார்மேல் மடம்,
24 மே 2026

தம்பி,

சாப்பிட ஆரம்பித்துவிட்டாய் என்று உன் கையெழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே, அது என்னோடு பழகிவிட்டது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மடத்துத் தாயாரிடம் போனேன். ஒன்பது வருடத்துக்கு முன் கொடுத்த அனுமதியை இப்போது கேட்கலாமா என்று கேட்டேன். எதற்கு இத்தனை தாமதம் என்று கேட்டார். சொன்னேன். அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். மூன்று நாள் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் நான்காம் தேதி, வியாழக்கிழமை காலை எழும்பூரில் இறங்குவேன். துணைக்கு ஒரு சகோதரி வருகிறாள், அவளுக்குச் சென்னை தெரியாது. எனக்கும் இப்போது தெரியாது. ரயிலில் எப்படித் தூங்குவார்கள் என்பதுகூட மறந்துவிட்டது. நேற்று மடத்து வாசல்வரை நடந்து பார்த்தேன். கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். நாளைக்கும் போய்ப் பார்ப்பேன்.

நேராகக் காசிமேடு கல்லறைக்குப் போவோம். பிறகு அப்பாவிடம். அவருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடாதே, நான் வராமல் போனால் தாங்கமாட்டார். திரும்பி வருவேனா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிளாட்பாரத்திலேயே நில். ரோட்டைக் கடக்கும்போது கையை விடாதே. பயமாக இருக்கிறது பெனிட்டோ, ரொம்பப் பயமாக இருக்கிறது. வருகிறேன்.

அக்கா